பலகையில் எழுதிய குறள்

2025 அக்டோபர் 8ஆம் நாள் பிற்பகலில், என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் பயின்ற ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தாள். சென்னையை ஒட்டிய முகலிவாக்கத்தில் 2017 பிப்ரவரியில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது என்பதுதான் செய்தி. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: “ஐயா, அன்றைக்குப் பலகையில் நீங்கள் எழுதிய குறள் நினைவிருக்கிறதா?” குத்திக்காட்டும் இயல்பு அவளுக்குக் கிடையாது, உண்மையாகவே கேட்டிருந்தாள். அதற்கு ஒரு சொல்கூடப் பதில் எழுத முடியாமல் தீபாவளி வரைக்கும் பன்னிரண்டு நாட்களைக் கடத்தினேன். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகும் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அவள் குறிப்பிட்ட நாள் 2018 பிப்ரவரி 20. முந்தைய நாள்தான் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் அந்த வழக்கில் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் வலது மூலையில் நாளுக்கு ஒரு குறள் எழுதுவது வழக்கம். அன்று முறைப்படி வரவேண்டிய குறளை விட்டுவிட்டு, பலகையின் நடுவில் பெரிய எழுத்தில் 550ஆம் குறளை எழுதினேன். ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.’ பரிமேலழகர் வழியில் பொருளும் சொன்னேன்: கொடியவரை அரசன் கொன்று தண்டிப்பது, உழவன் களையைப் பறித்துப் பயிரைக் காப்பது போன்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குழந்தை இறந்து ஓராண்டு முடிந்த சில நாட்களிலேயே தீர்ப்பு வந்திருக்கிறது, நீதி என்றால் இப்படி விரைவாக வரவேண்டும், இதைப் பார்த்தாவது இன்னொருவன் அஞ்சுவான் என்று பேசினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் ஒரு குறளுக்குக் கைதட்டல் கிடைத்தது அந்த ஒரு நாளில்தான். அப்போது என் மகள்வழிப் பேத்திக்கும் ஏழு வயது. ஓராண்டாக அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு முறையும் அவள் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கோபம் பொய்யன்று. அதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு.

அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தபோது, எனக்கு அதில் சந்தேகம் என்று எதுவுமே மிச்சமிருக்கவில்லை. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் என்றேனும் ஒரு விடியற்காலையில் அவரைத் தூக்கிலிட்டிருந்தால், செய்தித்தாளைப் படித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்திருப்பேன். அப்படி நடந்திருந்தால் உச்ச நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்காது. நானும் இறக்கும்வரை அந்த நிம்மதியோடே இருந்திருப்பேன். என்னை உறங்கவிடாமல் செய்தது இந்த எண்ணம்தான்.

தீர்ப்பைப் படித்த மாலை

அந்தப் பெண் இப்போது சட்டம் முடித்துவிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள், பலகாரத் தட்டோடு என் வீட்டுக்கும் வந்தாள். தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, பையிலிருந்து தாள்களை எடுத்தாள். தீர்ப்பை அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுக் கொண்டுவந்திருந்தாள். எனக்குச் சட்ட ஆங்கிலம் அவ்வளவு எளிதன்று; அவள் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தையோடு அவரைக் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியம் நம்பும்படியாக இல்லை என்பது முதல் செய்தி. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பதிவை முறைப்படி கைப்பற்றி நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கவில்லை. அவர் காட்டிக்கொடுத்து எடுத்ததாகச் சொன்ன பொருட்களும், தடய அறிவியல் கூடத்துக்குப் போன மாதிரிகளும் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படிப் போயின என்பதற்கு ஐயமற்ற கணக்கு இல்லை. இவற்றையெல்லாம் கேட்டபோது எனக்குக் காவல்துறை மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது அந்தக் கோபத்தை வேறு யார்மீதும் போட முடியாமல் போயிற்று. 2017 அக்டோபரில் அவர்மீது குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் அவருக்கென்று வாதாட வழக்கறிஞர் இல்லை. டிசம்பரில்தான் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அதன்பின் நான்கே நாட்களில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. உயிர் போகக்கூடிய ஒரு வழக்கின் கட்டைப் படித்து முடிக்க ஒருவருக்கு நான்கு நாட்கள். பிப்ரவரி 19 அன்று குற்றவாளி என்று தீர்ப்பளித்து, அதே நாளில் தூக்கும் விதித்தார்கள். அந்த மனிதரின் வாழ்க்கை என்ன, மனநிலை என்ன, திருந்த வழியுண்டா என்று விசாரிப்பதற்கு நீதிமன்றம் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“ஐயா, நீங்கள் அன்றைக்கு வகுப்பில் பாராட்டியது இந்த வேகத்தைத்தான்,” என்றாள். குரலை உயர்த்தாமல், என் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நான் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தை யார் கேட்டது? நாங்கள்தான் கேட்டோம். நாளிதழில் எழுதினோம், தொலைக்காட்சியில் கேட்டோம், வகுப்பறையில் பேசினோம், முடிதிருத்தும் கடையில் பேசினோம். எவனையாவது பிடி, உடனே பிடி, உடனே தூக்கில் போடு என்று ஊரே நின்று கத்தும்போது, விசாரணை அதிகாரி பதிவுக் கருவியை முறைப்படி மூடி முத்திரை வைக்கப் பொறுமையாக இருப்பாரா? குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வருகிறவரைத் துரோகி என்று ஊர் ஏசும்போது, எந்த வழக்கறிஞர் மனமுவந்து வருவார்? தூக்கு வேண்டும் என்று கேட்டோமே தவிர, உண்மை தெரிய வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டதாக நினைத்தோம். இன்று சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமற்றவர். அதற்கு மாறாக ஒரு சொல் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அப்படியானால் அந்தக் குழந்தையைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு, எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, விடை இல்லை. பொறுமையாகத் துருவி விசாரித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விடையை எங்கள் அவசரமும் சேர்ந்துதான் தொலைத்தது. கடுந்தண்டனை கேட்டுக் குரல் கொடுத்த நாங்கள் குழந்தையின் பக்கம் நிற்பதாகத்தான் நம்பியிருந்தோம்.

ஒரு சொல் எங்கே போய்ச் சேர்கிறது

அவள் போன பிறகு இரவில் குறளை எடுத்து வைத்துக்கொண்டேன். தமிழாசிரியனுக்குத் தெரிந்த வழி அதுதான். நான் பொருள் சொன்ன அந்தக் குறளில் ‘கொலையின்’ என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். பரிமேலழகரைப் போல ‘ஒறுத்தல்’ என்பதோடு சேர்த்தால், கொடியவரைக் கொலையால் தண்டித்தல் என்றாகும். சொல் நிற்கும் இடத்திலேயே வைத்துக் ‘கொடியாரை’ என்பதோடு சேர்த்தால், கொலையில் கொடியவராக உள்ளவரை வேந்தன் தண்டித்தல் என்று மட்டுமே ஆகும்; எப்படித் தண்டிப்பது என்பதைக் குறள் சொல்லவில்லை என்றாகும். ஒரு சொல் இந்தப் பக்கம் சாய்ந்தால் தூக்குக் கயிறு, அந்தப் பக்கம் சாய்ந்தால் சிறை. இந்த இரு உரைகளும் எனக்குத் தெரியும். தேர்வுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இரண்டையும் சொல்லியிருக்கிறேன். அன்று மட்டும் ஒன்றைத்தான் சொன்னேன்.

உரை மாறினால் உயிர் போகும் என்பதை மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் நீதிமன்றங்களில் அது நடந்திருக்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தூக்கை அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே விதிக்கலாம் என்றும், குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றும் வரையறுத்தது. 1995 டிசம்பரில் ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி என்பவரின் வழக்கில் வேறோர் அமர்வு, குற்றத்தின் தன்மையைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்று பொருள் கொண்டது. 1996இல் ராவ்ஜி தூக்கிலிடப்பட்டார். அந்தப் பிழையான பொருளைப் பின்பற்றிப் பல வழக்குகளில் தூக்கு உறுதியானது. மறு ஆண்டில் இன்னொருவரும் தூக்கிலேறினார். 2009இல்தான் உச்ச நீதிமன்றமே, ராவ்ஜி தீர்ப்பு முந்தைய பெரிய அமர்வின் தீர்ப்பைக் கவனிக்காமல் எழுதப்பட்ட பிழை என்று ஒப்புக்கொண்டது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அதே பிழையால் தூக்குக்குக் காத்திருந்த மற்றவர்களையாவது காப்பாற்றுங்கள் என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். தூக்கிலேறிய இருவரும் குற்றம் செய்யாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பரிசீலனை கிடைக்காமலே செத்தார்கள். உரையாசிரியன் தவறு செய்தால் மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

திண்ணையில் அவள் சொன்ன இன்னொரு வழக்கு என் மனத்தில் இதைவிட ஆழமாகத் தங்கிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நால்வரைக் கொன்றதற்காக ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்கும் தூக்கு விதித்தார்கள். மூவரின் பங்கும் ஒன்றுதான். மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜீத்தா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியானது. காஷ்மீரா சிங்கின் தண்டனையை 1977இல் வேறோர் அமர்வு ஆயுளாகக் குறைத்தது. மற்ற இருவரையும் 1981 அக்டோபர் 6ஆம் நாள் தூக்கிலிட நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங், காஷ்மீரா சிங்குக்கு ஒரு நீதி எனக்கு ஒரு நீதியா என்று கேட்டுக் கடைசி நேரத்தில் மனு போட்டுத் தடை வாங்கிவிட்டார். ஜீத்தா சிங் மனு போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றம், ஒரே பங்கு, ஒரே தீர்ப்பு. ஒருவர் இறந்தார், இருவர் பிழைத்தார்கள். வேறுபாடு செய்த குற்றத்தில் இல்லை, எந்த அமர்வின் முன் எந்த ஆண்டில் மனு போனது என்பதில் இருந்தது. 1982இல் அதைக் கேட்ட நீதிபதிகளே இதைக் கண்டு வருந்தினார்கள். வருந்தி ஜீத்தா சிங்குக்கு என்ன செய்ய முடியும்?

தமிழ்நாட்டில் நமக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் ஒரே நாளில் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. மறு ஆண்டு மே மாதத்தில் அவர்களில் 19 பேரை உச்ச நீதிமன்றம் வெளியே அனுப்பியது. அந்த 19 பேரும் ஓராண்டுக்கு மேல் தூக்குக் கைதிகளாக வாழ்ந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூரில் சிதறிப்போன உயிர்களை நினைத்து அன்று அந்த 26 தூக்கையும் சரியென்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர் அறையில் நானும் அதைச் சரியென்று சொன்னேன். மின்கலம் வாங்கிக் கொடுத்த பேரறிவாளனின் வாக்குமூலத்தில், அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் பேரறிவாளனுக்குத் தூக்குக்கான நாளும் ஒருமுறை குறிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தடையால் தள்ளிப்போயிருந்தது.

களை என்றால் எது

எங்கள் அம்மா கூலிக்குக் களை எடுக்கப் போனவர். விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நாற்று நட்டு இருபது நாட்கள் போல ஆனதும் முதல் களை. வயலில் இடுப்பை வளைத்து, சேற்றுக்குள் விரல்களை விட்டு, வேரோடு கெல்லி எடுத்து, சுருட்டி, காலடியில் மிதித்துப் புதைத்துக்கொண்டே போவார்கள். கோரையைப் பறிப்பது எளிது, யாருக்கும் தெரியும். கடினமானது குதிரைவாலிப் புல். நெல்லோடு முளைத்து, நெல்லின் உயரத்துக்கு, நெல்லின் பச்சையிலேயே நிற்கும். கதிர் விடும்வரைக்கும் கண்ணால் பிரிப்பது கடினம். இலையும் தண்டும் சேரும் கணுவைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்கு அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். புல்லுக்கு அது இராது. அம்மா பார்க்கவே மாட்டார், பெருவிரலால் கணுவைத் தடவுவார். அவ்வளவுதான்.

எனக்குப் பத்து வயது இருக்கும். வேகமாக எடுத்தால் கூடுதல் காசு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வரிசையை அம்மாவுக்கு முன்னே போய் முடித்துவிட்டு வரப்பில் ஏறி நின்றேன். அம்மா பின்னாலேயே வந்து, நான் மிதித்துப் போட்டிருந்ததைக் கிளறி எடுத்துப் பார்த்தார். பாதிக்குமேல் நெல். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. உயிர் இருக்கிற நாற்றுகளைப் பிரித்தெடுத்து, சேற்றில் பெருவிரலை அழுத்தி, ஒவ்வொன்றாக மறுபடியும் ஊன்றினார். “சந்தேகமா இருந்தா விட்டுடு ராசா. கதிர் வர்றப்ப அதுவே காட்டிக் குடுத்துரும். நெல்ல புடுங்கிட்டா நாம யாருக்குப் பதில் சொல்றது?” என்றார்.

அப்படி விட்ட புல் வயலில் நின்று நெல்லின் உரத்தைத் தின்னும். அது அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். இரண்டாம் களையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னார். கொலைகாரனை ஆயுள் முழுவதும் சிறையில் வைத்துச் சோறு போட வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் விடை இதுதான்: ஆம், போட வேண்டும். அந்தச் செலவை நாம் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

எத்தனை முறை பாடம் எடுத்தும் நான் கவனிக்காத ஒன்றும் அந்த இரவில்தான் கண்ணில் பட்டது. களை பற்றிய அந்தக் குறள் செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறள். அதிகாரம் தொடங்குவது ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’ என்று. குற்றத்தை ஆராய்ந்து, யார் பக்கமும் சாயாமல், நடுவில் நின்று, உரியதைத் தேர்ந்து செய்வது முறை. ‘ஓர்ந்து’ என்பது முதல் சொல். ஓர்தலில் தொடங்கி ஒன்பது குறள்கள் கடந்த பிறகுதான் வள்ளுவர் களையின் பக்கமே போகிறார். நான் ஒன்பதையும் தாண்டிக் குதித்துக் கடைசிக் குறளைப் பலகையில் எழுதினேன்.

உறுதியாகத் தெரிந்த குற்றங்கள்

பிழை நேரலாம் என்ற வாதம் எல்லா வழக்குக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 மார்ச் 20 விடியற்காலையில், டெல்லி நிர்பயா வழக்கில், திகார் சிறையில் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் செய்ததில் எந்த நீதிமன்றத்துக்கும் ஐயம் இருக்கவில்லை. அன்று நான் விழித்திருந்து தொலைக்காட்சியைப் பார்த்தேன். சிறைக்கு வெளியே கூடியிருந்தவர்கள் இனிப்பு வழங்கினார்கள். எனக்கும் அன்று ஆறுதலாகத்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு தருமபுரியில் பேருந்தோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளின் வழக்கில், தூக்கு விதிக்கப்பட்ட மூவருக்கும் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டு, 2018 நவம்பரில் அவர்கள் விடுதலையும் ஆனபோது, அந்தப் பெற்றோர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்து நான் கலங்கினேன். இன்றும் அந்தப் பெற்றோரின் முன்னால் போய் நின்று தூக்கு கூடாது என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அவர்களுக்கு நான் அறிவுரை சொல்லவும் இல்லை. அவர்கள் கேட்கும் உரிமை உள்ளவர்கள். கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டிய அரசைப் பற்றித்தான், அந்த அரசுக்கு வாக்களித்து, கைதட்டி, அவசரப்படுத்தும் என்னைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆயினும் கடுந்தண்டனை குழந்தைகளைக் காக்கும் என்ற நம்பிக்கை, ஐயமே இல்லாத வழக்குகளிலும், எனக்கு முறிந்துபோன ஓர் இடம் உண்டு. 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியரை வன்புணர்ந்தால் தூக்கு வரை விதிக்கலாம் என்று சட்டம் வந்தது. 2019இல், சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்திலும் தூக்கு சேர்ந்தது. நான் வரவேற்றேன். அதற்குச் சில மாதங்கள் கழித்து, எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பாசிரியையிடம் அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னாள். செய்தவர் அவளுடைய தாய்மாமன். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர். நாங்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொன்னோம். அதிகாரிகள் வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. பள்ளி வாசலில் அவளுடைய ஆத்தா வந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு ஆத்தா, அவனுக்குத் தாய். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றவர், என்னைப் பார்த்ததும், “தூக்குல போட்டுருவாங்களாமே சார்?” என்று மட்டும் கேட்டார். அதிகாரிகள் கேட்டபோது அந்தப் பெண் எதுவும் நடக்கவில்லை என்றாள். திருப்பித் திருப்பிக் கேட்டும், தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னாள். பன்னிரண்டு வயதுகூட நிறையாத குழந்தையின் தலையில் ஒரு மாமனின் உயிரை வீட்டார் ஏற்றி வைத்திருந்தார்கள். பத்து ஆண்டு சிறை என்று இருந்திருந்தால் அந்த ஆத்தா பேசவிட்டிருப்பாரா என்பதற்கு நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ‘தூக்கு’ என்ற அந்தச் சொல் அன்று குழந்தையின் வாயைத்தான் அடைத்தது. குழந்தைகள் மீதான இத்தகைய குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர்கள் செய்வது என்று அரசின் கணக்குகளே ஆண்டுதோறும் சொல்கின்றன. அண்டை வீட்டார், உறவினர், குடும்ப நண்பர். அவர்கள் கழுத்துக்குக் கயிறு என்று சட்டம் சொன்னால், காட்டிக்கொடுக்க வேண்டியவள் அவர்கள் வீட்டிலேயே சோறு உண்ணும் சிறுமி. அந்த டெல்லிக் கொடுமைக்குப் பின் 2012 டிசம்பரில் அமைந்த நீதிபதி வர்மா குழு, நாடே தூக்குக் கேட்டுத் தெருவில் நின்ற நேரத்தில், வன்புணர்வுக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. அப்போது நான் அவர்களைக் கோழைகள் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தினர் நாடெங்கும் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் நால்வரில் மூவர் அளவுக்குப் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டிருக்கிறார்கள். கொடூரம் ஏழைகளிடம் மட்டும் பிறப்பதில்லை. நல்ல வழக்கறிஞர் ஏழைகளுக்குக் கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கும் 2009இல் தூக்குதான் என்று தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், 2019இல் அவர்கள் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. பதினாறு ஆண்டுகள் போயிருந்தன. அவர்களில் ஒருவர் குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்டபோது சிறுவர். ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். இழப்பீட்டை வாங்கிக்கொள்ள அவர்கள் உயிரோடு இருந்தது தற்செயல்.

தீபாவளி கழிந்த வாரம் அவள் ஊரிலிருந்து கிளம்பும் முன் மறுபடியும் வந்தாள். வரும்போது பத்தாம் வகுப்புத் தமிழ்க் குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தாள். அவள் அம்மா பரணில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம். 20.02.2018 என்று தேதியிட்ட பக்கத்தில், நீல மையில், அந்தக் குறள். அதன் கீழே நான் சொன்னவை எல்லாம் அப்படியே: ‘விரைவான நீதியே நீதி’ என்ற வரிக்கு அடியில் சிவப்பில் இரண்டு கோடுகள். பக்கத்தில் என் கையொப்பமும் இருந்தது. குறிப்பேடு திருத்தும்போது போட்டது. அவள் எதுவும் சொல்லவில்லை. நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இதை எழுதிய பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது. இறந்துபோன அந்தக் குழந்தை இருந்திருந்தால் இப்போது ஏறத்தாழ அந்த வயதில், இப்படி ஒரு குறிப்பேட்டோடு ஏதோ ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருப்பாள்.

“எழுதிக்கொள்ளட்டுமாம்மா?” என்று கேட்டு, அவளிடமே பேனா வாங்கினேன். 550ஆம் குறளுக்கு மேலே, தேதிக்கும் முதல் வரிக்கும் நடுவில் விரற்கடை அளவு இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் எழுத்தை நெருக்கி, ‘ஓர்ந்து’ என்று தொடங்கினேன்.